நல்லா இருக்கீங்களா? மகிழ்ச்சியும் நல்லதனமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் காய்கறி கமிஷன் கடைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப்பிள்ளைகளுக்குக் குறள் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் கேட்கிற கேள்வி கொஞ்சம்தான். கூட்டிவந்துவிட்டு வாசலில் நிற்கும் பெரியவர்கள் கேட்பதுதான் அதிகம். அதிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்வி, வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு: நல்லவனாக இருந்தால் நன்றாக இருக்க முடியுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்ததால் எழுதி வைக்கிறேன்.

"நல்லா இருக்கான்", "நல்லவனா இருக்கான்": இரண்டும் ஒன்றா?

இல்லை. ஆனால் நம் பேச்சு இரண்டையும் ஒரே வேரில் கட்டிப் போட்டிருக்கிறது. எதிரே வருபவரை "நல்லா இருக்கீங்களா" என்று விசாரிக்கிறோம். உடம்பு, வீடு, பிள்ளைகள், வரும்படி எல்லாம் அதில் அடக்கம். காலில் விழுந்த பிள்ளையை "நல்லா இரு" என்கிறோம். வயிறெரிந்தால் "நீ நல்லாவே இருக்க மாட்டே" என்கிறோம். மூன்றிலும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனாலும் சொல் 'நல்ல'தான்.

கேரள எல்லையில் இருக்கிற புளியரையைத் தாண்டினால் விசாரிப்பு மாறிவிடும். கொல்லத்து லாரி டிரைவர் "சுகமல்லே?" என்பார். அந்தச் சொல்லில் நன்மை தீமை எதுவும் ஒட்டவில்லை. வாழ்த்தும்போது மட்டும் அவர்களும் "நன்னாயி வரட்டே" என்று நம் பக்கம் வந்துவிடுவார்கள்.

அந்தச் சாபத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தனக்குக் கெடுதல் செய்தவன் கண்முன்னால் நன்றாக இருப்பதைப் பார்த்துத்தான் ஒருத்தி மண்ணை வாரித் தூற்றுகிறாள். கெட்டவன் தானாகவே கெட்டுப்போவான் என்றால் சாபத்துக்கு என்ன வேலை? நல்லவனாக இருப்பதும் நன்றாக இருப்பதும் தனித்தனி என்று அவளுக்குத் தெரியும். சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆத்திரமும் அவளுக்கு இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க அந்த ஆத்திரத்தைப் பற்றியதுதான்.

மகிழ்ச்சி, இன்பம், சந்தோஷம், நிம்மதி எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம், தப்பில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை உண்டு. 'மகிழ்' என்பது சங்கப் பாட்டுகளில் பல இடங்களில் கள்ளோடு சேர்ந்தே வரும். அரசன் கள்ளுண்டு கொலுவீற்றிருப்பதற்கு 'நாண்மகிழ்' என்று பேர். வாழ்த்து அட்டையில் இன்று அச்சடிக்கும் சொல்லுக்கு அப்படியொரு பழைய வாடை.

தொல்காப்பியத்தில் எட்டு மெய்ப்பாடுகளில் கடைசி உவகை. அது பிறக்கும் இடங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று நான்கு. அறம் அந்த நான்கில் இல்லை. ஆனால் 'அல்லல் நீத்த உவகை' என்று ஒரு அடைமொழி இருக்கிறது. யாருடைய அல்லல்? அடுத்தவன் அல்லலையும் சேர்த்துத்தான் நான் படிக்கிறேன். புலவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சம்பளம் வந்தால், ரிசல்ட் வந்தால் வருவது சந்தோஷம். இங்கே நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல. வயதான பிறகு திண்ணையில் உட்கார்ந்து "பரவாயில்லை, நல்லாத்தான் இருந்திருக்கோம்" என்று சொல்ல முடிகிறதே, அதைப் பற்றி. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதற்கு 'யூடைமோனியா' என்ற சொல்லை வைத்துக்கொண்டு பேசினார். அது முழு ஆயுளுக்குமான கணக்கு, ஒரு நாள் கணக்கில்லை என்பார். ஒரு தகைவிலான் குருவியைப் பார்த்துவிட்டு வசந்தம் வந்துவிட்டது என்று சொல்லாதே என்பது அவர் உதாரணம். ஒரு நாள் சாரல் விழுந்ததற்கு இங்கே யாராவது குற்றாலத்தில் சீசன் என்பார்களா?

வள்ளுவர்தான் "அறத்தான் வருவதே இன்பம்" என்று தீர்த்துவிட்டாரே?

39-ஆம் குறள். 'அறத்தான் வருவதே இன்பம்மற் றெல்லாம் புறத்த புகழும் இல.' அறத்தால் மட்டும்தான் இன்பம் வரும் என்று இதற்குப் பொருள் சொன்னால், மண்டியில் ஒரு நாள் நின்றவன் சிரிப்பான். இரண்டாவது பாதியைப் பாருங்கள். மற்றவை வராது என்று அவர் சொல்லவில்லை. 'புறத்த' என்கிறார். வரும், ஆனால் வெளியே நிற்கும். நம் கடைக்கு வந்த சரக்குதான், உள்ளே இறக்காமல் திண்ணையிலேயே கிடந்து வாடுகிற மாதிரி.

அவரே இன்னொரு இடத்தில், 169-ல், 'அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்' என்கிறார். பொறாமைக்காரன் செழிப்பதும் நேர்மையானவன் கெடுவதும் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயம். அவ்வளவுதான். உரைகாரர்கள் உடனே முன்வினையைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்புகிறார்கள். வள்ளுவர் 'நினைக்கப்படும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1330 குறளில் எனக்கு மிகவும் நெருக்கமான சொல் எது என்று கேட்டால் அதைச் சொல்வேன்.

கெட்டவன் சந்தோஷமாகத்தானே இருக்கிறான்?

ஆமாம், இருக்கிறான். நானே இருந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. ஓணம் என்றால் பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துக் காயெல்லாம் மலையேறிக் கேரளத்துக்குப் போகும். எஸ் வளைவில் லாரி வால் பிடித்து நிற்கும். எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சாக்கு மூட்டைக்குப் பெரிய தராசு, பெட்டியில் கொண்டுவருபவர்களுக்குத் தட்டுத் தராசு. அந்த வாரம் எடைக்கல் வைக்கிற தட்டின் அடியில் ஒரு கைப்பிடிப் புளி ஒட்டியிருந்தது. கொட்டை நீக்கி, உருட்டி, தட்டிய புளி. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஐந்து கிலோ நிறுத்தால் கடைக்கு இருநூறு கிராம் அதிகம். ஒட்டியது நான் இல்லை. சீட்டில் ஐந்து கிலோ என்று எழுதியது நான்.

வாரக் கடைசியில் உறையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் குதித்தார்கள். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். கதைகளில் வருகிற மாதிரி புரண்டு புரண்டு படுக்கவில்லை.

பதினோராம் நாள் சாம்பவர்வடகரைப் பக்கத்து ஆச்சி ஒருத்தி ஓலைப்பெட்டியில் வெண்டைக்காயோடு வந்தாள். பக்கத்துக் கடைப் பையன் "இங்க போடுங்க ஆச்சி, உடனே துட்டு" என்று கூப்பிட்டான். அவள் எல்லோர் காதிலும் விழும்படி, "நான் கணக்குப்பிள்ளை இருக்க கடையிலதாம்ல போடுவேன். அவரு கை சுத்தம்" என்றாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு வந்தது பெருமை. அடுத்த மூச்சில்தான் மற்றது வந்தது. அன்றைக்குத் தராசில் புளி இல்லை, சரியான எடைதான் எழுதினேன். ஆனாலும் அவள் கையில் சீட்டைக் கொடுக்கும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்க்க முடியவில்லை. எட்டு மாதம் கழித்து வேறு கடைக்கு மாறினேன், சம்பளத்தில் ஐம்பது ரூபாய் குறைவாக. பஸ் வசதி என்று முதலாளியிடம் காரணம் சொன்னேன். ஆச்சியிடம் எதுவும் சொல்லவில்லை.

'தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்ற குறளில் எப்போது சுடும் என்று இல்லை. 'பொய்த்தபின்' என்று மட்டும் இருக்கிறது. என் விஷயத்தில் பதினோரு நாள். சுட்டது குற்றம் இல்லை, பாராட்டு. அந்த ஐந்நூறு ரூபாய் சந்தோஷம் நிஜம்தான், ஆனால் அதால் ஒரு ஆச்சி முகத்துக்கு நேரே நிற்க முடியவில்லை. கெட்ட வழியில் வந்த மகிழ்ச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

கடைசிவரை சுடாதவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஒருவரை எனக்குத் தெரியும். பேரன் பேத்தி சூழத் தூக்கத்திலேயே போனார். "கல்யாணச் சாவு" என்றார்கள். அங்கே என்னிடம் பதில் இல்லை. நினைக்கப்படும்.

இது உங்கள் ஒருவர் அனுபவம். ஆராய்ச்சி ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் இதே கேள்வியை வைத்து. ஜோஷுவா நோப், ஜோனதன் பிலிப்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் கூட்டாளிகளும் 2017-ல் வெளியிட்டது. இரண்டு மனிதர்களைச் சொல்லுவார்கள். இருவர் மனசும் ஒரே மாதிரி: நாள் முழுக்க உற்சாகம், வாழ்க்கையில் திருப்தி. ஒருவர் நல்லபடி வாழ்கிறவர், மற்றவர் அப்படி இல்லை. யார் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று கேட்டால், இரண்டாமவரை 'மகிழ்ச்சியானவர்' என்று சொல்ல ஜனங்கள் தயங்கினார்கள். அவர் மனசுக்குள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும்.

கெட்டவன் மகிழ்ச்சியாக இருக்க முடியாது என்று இது நிரூபிக்கவில்லை. நாம் அவனுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க மனசில்லாமல் இருக்கிறோம் என்றுதான் காட்டுகிறது. மண்ணை வாரித் தூற்றியவள் ஞாபகம் வருகிறாளா?

மாவேலி நல்லது செய்தவர்தானே? அவரை ஏன் மிதித்தார்கள்?

ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டது. அவளுடைய சித்தி வீடு புனலூரில். ஓணத்துக்குப் போய்விட்டு வந்து கேட்டாள்.

கதை எல்லோருக்கும் தெரியும். மாவேலி என்கிற மகாபலி ஆண்டபோது நாடு நன்றாக இருந்தது. வாமனன் வந்து மூன்றடி கேட்டான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, மூன்றாவது அடிக்குத் தலையைக் கொடுத்துக் கீழே போனார். வருஷத்துக்கு ஒரு நாள் திருவோணத்துக்குத் தன் ஜனங்களைப் பார்க்க வருகிறார். நல்லவருக்குக் கதை கொடுத்த கூலி பாதாளம். இதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை.

ஆனால் அவர் காலத்தைப் பற்றி மலையாளத்தில் பாடுகிற பழைய பாட்டு இருக்கிறதே, அதில் எல்லோரும் ஆனந்தமாக இருந்தார்கள் என்பதும், பொய் இல்லை, கள்ளப்பறை (திருட்டு மரக்கால்) இல்லை, சிறுநாழி (குறைந்த படி) இல்லை என்பதும் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒரு நாடு சந்தோஷமாக இருந்தது என்பதற்கு அந்தப் பாட்டுக்குக் கிடைத்த சாட்சி, அளவைப் படி சரியாக இருந்தது. அரண்மனையையோ பொன்னையோ அது தேடிப் போகவில்லை. அந்தப் பாட்டைப் பாடுகிற அதே வாரத்தில், அந்த விருந்துக்குப் போகிற காயை நிறுக்கத்தான் நாங்கள் புளி உருட்டினோம். பிள்ளையிடம் இதை நான் சொல்லவில்லை.

அப்படியானால் நல்லவன் கஷ்டப்படும்போது அவனை மகிழ்ச்சியானவன் என்று சொல்லலாமா?

இதில் பெரியவர்களுக்குள்ளேயே சண்டை. ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்க, ரோமானியச் சிந்தனையாளர்கள் சொல்லலாம் என்பார்கள். குணம் கெடாமல் இருந்தால் போதும், சித்திரவதையிலும் அவன் நன்றாக இருக்கிறான் என்பார்கள். அரிஸ்டாட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார். நல்ல குணம்தான் நடுத்தூண், ஆனால் நண்பர்கள், பிள்ளைகள், கொஞ்சம் சொத்து, கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். கடைசிக் காலத்தில் பிள்ளைகளையும் நாட்டையும் பறிகொடுத்த ட்ராய் அரசன் பிரியமை மகிழ்ச்சியானவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் வாதம். ஜெர்மனியில் கான்ட் வேறு வழியில் வந்தார். அறம் உனக்கு மகிழ்ச்சியைக் கொடுக்காது, மகிழ்ச்சிக்குத் தகுதியைத்தான் கொடுக்கும் என்றார்.

நான் அரிஸ்டாட்டில் பக்கம். கணவனுக்கு டயாலிசிஸ், பிள்ளைக்கு வேலை இல்லை என்று இருக்கிறவளிடம் போய் "நீ நல்லவள், அதனால் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறாய்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரில் வருவார்கள்.

புண்ணியம் செய்தால் மகிழ்ச்சி வருமா?

கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகிற கூட்டம் இந்த ரோட்டில்தான் போகும். வழியெல்லாம் அன்னதானம். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் முகத்தைப் பாருங்கள், சந்தோஷம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கேள்வி என்னவென்றால், அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் வாளியைத் தூக்கினார்களா?

இந்தக் கேள்வி நம் ஊர்க் கேள்விதான். பொதிகை மலைப் பக்கத்தை ஆண்ட ஆய் அண்டிரன் பெரிய வள்ளல். தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியை அவன் பேரோடு சேர்த்துச் சொல்வது இங்கே வழக்கம். அவனைப் பற்றி உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடியது புறநானூற்றில் 134-ஆம் பாட்டு. இந்தப் பிறவியில் செய்வது மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்குப் போடுகிற 'அறவிலை வணிகன்' அல்லன் ஆய் என்கிறார். சான்றோர் போன வழி இது, அதனால் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

அறத்தை விலைக்கு விற்கிற வியாபாரி! கமிஷன் கடையில் இருந்தவனுக்கு அந்தச் சொல் சுருக்கென்று இருக்கும். மறுபிறவிக்குப் பதிலாக 'மனநிறைவு' என்று போட்டாலும் வியாபாரம் வியாபாரம்தான் என்பேன். பந்தியில் பரிமாறுகிறவன் தன் மனநிறைவையே பார்த்துக்கொண்டிருந்தால் யார் இலையில் சோறு இல்லை என்பது கண்ணில் படாது.

அடுத்தவருக்குச் செலவழித்தால் சந்தோஷம் கூடும் என்கிறார்களே?

2008-ல் எலிசபெத் டன் என்பவரும் கூட்டாளிகளும் கனடாவில் செய்து பார்த்தார்கள். காலையில் சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர். சாயங்காலத்துக்குள் சிலர் தங்களுக்கும் சிலர் மற்றவர்களுக்கும் செலவழிக்க வேண்டும். மற்றவர்களுக்குச் செலவழித்தவர்கள்தான் அதிகச் சந்தோஷமாக இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. 'ஈத்துவக்கும் இன்பம்' என்று 228-ஆம் குறளில் வருவது இதுதான். ஆனால் இது தெரிந்த பிறகு சந்தோஷத்துக்காகவே கொடுத்தால் மேலே சொன்ன வணிகன் கதை.

லாட்டரி அடித்தால்?

கேரள அரசு லாட்டரி 1967-ல் தொடங்கியது. நம் பக்கம் 2003-ல் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் ஆரியங்காவில் லாட்டரிக் கடைகளில் தமிழில் போர்டு. ஓணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி.

1978-ல் அமெரிக்காவில் பரிசு விழுந்த 22 பேரை விசாரித்த ஒரு ஆய்வில், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சின்ன விஷயங்களில் வரும் சந்தோஷம் அவர்களுக்குக் குறைந்திருந்தது என்று வந்தது. எல்லா மேடையிலும் இதைச் சொல்வார்கள். ஆனால் 2020-ல் ஸ்வீடனில் இருந்து வந்த பெரிய ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. பெரிய பரிசு விழுந்தவர்களுக்கு வாழ்க்கைத் திருப்தி கூடியது, பத்து வருஷத்துக்கு மேலும் குறையவில்லை. ஆக, பணம் ஒன்றுமே செய்யாது என்று ஏழையிடம் போதிப்பதை நிறுத்திவிடலாம். டிக்கெட் வாங்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகிழ்ச்சியை எண்ணால் அளக்க முடியுமா?

2012 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை என்று ஒன்று வருகிறது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு ஏணியை நினைத்துக்கொள், நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்பார்கள். 2018-லிருந்து 2025 வரை பின்லாந்துதான் முதல் இடம். கேள்வி நல்ல கேள்விதான். எனக்கு ஒரு குறை. நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்கிறார்கள், ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று கேட்பதில்லை.

பல்லக்குக் குறள் இங்கேதான் வருகிறது: 'அறத்தா றிதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோ டூர்ந்தான் இடை.' சுமக்கிறவனையும் ஏறிப் போகிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும் என்று பரிமேலழகர் உரை. சுமப்பவனிடம் போய் இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்று படிக்கிறவர்களும் உண்டு. லோடு இறக்குபவர்களோடு முப்பது வருஷம் டீ குடித்தவன் எந்த உரையை எடுப்பான்?

எல்லாச் சந்தோஷத்தையும் ஃபோனே கொடுத்துவிட்டால்?

ஒன்பதாம் வகுப்புப் பையன். ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவக்காரர் 1974-ல் ஏறக்குறைய இதையே கேட்டார். நீ விரும்பிய அனுபவம் எல்லாவற்றையும் மூளைக்குள் நிஜம் போலவே கொடுக்கிற இயந்திரம் இருந்தால் ஆயுள் முழுக்க அதில் படுத்துக்கொள்வாயா என்று. படுக்க மாட்டோம், ஏனென்றால் நமக்கு உணர்வு மட்டும் போதாது, நிஜமாகவே அதைச் செய்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பையன் சரி, படுத்துக்கொள்வேன் என்றான். பரீட்சை நேரம், பாவம்.

சந்தோஷமே இல்லாதவன் நல்லவனாக இருக்க முடியுமா?

முடியும், ஆனால் அது ரொம்பப் பெரிய விலை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று நல்வழியிலேயே இருக்கிறது. வயிறு நிறைந்தவன் அதை மறந்துவிட்டு அடுத்தவன் ஒழுக்கத்தை எடைபோடுவதுதான் எனக்கு ஆகாது.

கடைசியாக: நீங்கள் நல்லா இருக்கீங்களா?

ஆச்சி இறந்து பல வருஷம் ஆகிறது. அவள் மகள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கீரை விற்கிறாள். போன வாரம் இரண்டு கட்டு தண்டங்கீரை வாங்கினேன். கொசுறாகக் கறிவேப்பிலை வைத்துவிட்டு, "அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும்யா, கணக்குப்பிள்ளை கை சுத்தம்னு" என்றாள். சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி அவள் கையில் வைத்தேன்.

"நல்லா இருக்கீங்களாய்யா?"

"இருக்கேன் தாயி."